பட்டா யார் பேரில் இருக்கும்? சேலத்தில் கூட்டுப் பண்ணை தொடங்குவோருக்கு

வாழப்பாடி பக்கம் ஓர் ஊரில், கோயில் திண்ணையில் இருபது பேர் கூடிக் கூட்டுப் பண்ணைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிணறு, பண்ணைக்குட்டை, பத்து மாடு, டவுனில் ஒரு கடை என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கடைசியில் கேட்டார்: “எல்லாஞ் சரி கண்ணு, பட்டா யார் பேர்ல இருக்கும்?” திண்ணை கப்பென்று அடங்கிவிட்டது.

ஆயா பேரிலேயே இருக்கும். இங்கே சொல்லப்போகும் திட்டங்கள் எதற்கும் நிலத்தை ஒன்றாகச் சேர்க்கத் தேவையில்லை. வாங்குவது, விற்பது, கருவி வைத்துக்கொள்வது, இவைதான் பொது. 1959இல் காங்கிரஸ் கட்சி நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. அன்றைக்கு மக்கள் பயந்ததும் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்றுதான். அந்தப் பயத்தை இன்றைக்கும் லேசாக எண்ணக் கூடாது.

சட்டப்படியும் நிலத்தைப் பொதுவாக்குவது சிக்கல்தான். நில உச்சவரம்புச் சட்டம் ஒருபுறம். தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கே 15 தர ஏக்கர்தான் (நிலத்தின் தீர்வையை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வரம்பு. ஏற்காடு மலையில் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை பெற்ற நிலம் என்றால், அது வாரிசுக்குப் போகுமே தவிர யாருக்கும் விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கும் நிபந்தனை உண்டு. குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்து பயிர் செய்யலாம் என்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நிலம் அவரவரிடமே இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சிறு, குறு விவசாயிச் சான்று வைத்திருப்பவருக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். அது பட்டாதாரருக்குக் கிடைப்பது; பட்டாவைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தச் சான்று எதைக் காட்டி வாங்குவது?

சரி, ஆரம்பிப்பது எங்கே? சிறியதாக ஆரம்பிக்க மாநில அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் இருக்கிறது. 2017-18இல் வந்தது. இருபது சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழு சேர்ந்து நூறு பேரானால் உழவர் உற்பத்தியாளர் குழு. இந்த நூறு பேர் குழுவுக்குப் பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் தொகுப்பு நிதி என்பதுதான் ஏற்பாடு. இந்த வருடம் உங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி எந்த நாள் யாரிடம், ரிப்பேர் யார் செலவு, டீசல் யார் போடுவது என்று வாங்குவதற்கு முன்பே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பவர் டில்லர் ஒருவர் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்கப் போனவர்களுக்கு மச்சான் உறவு குறுக்கே வந்தது.

அடுத்த படி உற்பத்தியாளர் கம்பெனி. கூட்டுறவுச் சங்கமாகவும் பதியலாம். ஆனால் சங்கத்துக்குத் தேர்தல், தணிக்கை எல்லாம் அரசுத் தரப்பின் பிடியில் வரும். சொசைட்டி தேர்தல் எப்படி நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. பத்து விவசாயிகள் இருந்தால் பதியலாம். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஐம்பது பங்கு வாங்கிய ரைஸ்மில்காரர் மகனுக்கும் ஒரு பங்கு வாங்கிய ஆயாவுக்கும் ஒன்றுதான். பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டுப் போக முடியாது. லாபத்தில் பங்குத்தொகைக்குக் கிடைப்பது வரம்புக்கு உட்பட்டது. ஊக்கத்தொகையோ, கம்பெனி மூலம் யார் எவ்வளவு விற்றார்கள் என்பதைப் பார்த்துத்தான் பிரியும்.

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தைத் தொடங்கியது. நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை. உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, அமைப்புக்கு 15 லட்சத்துக்கு மேல் போகாமல். கடனுக்கு 2 கோடி வரை உத்தரவாத ஏற்பாடு. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மலைப்பகுதியில் 100 பேர் போதும். மலை என்றால் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே 100 போதும். அடிவாரத்து ஊர்க்காரர்கள் 300 பேரைத் திரட்ட வேண்டும். இன்னொன்று: 10,000 என்ற எண்ணிக்கையை 2025 பிப்ரவரியிலேயே தொட்டாயிற்று. அதனால் புதிதாகப் பதியும் முன், நபார்டு வங்கியின் மாவட்ட மேலாளரிடமோ வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலோ பக்கத்தில் ஏற்கெனவே பதிவான கம்பெனி எது என்று விசாரியுங்கள். ஆள் போதாமல் தள்ளாடும் ஒன்றில் நீங்கள் நூறு பேர் சேர்வது, புதிதாக ஒன்று தொடங்குவதைவிடப் பல சமயம் நல்லது.

அந்த 18 லட்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50,000. முதன்மைச் செயல் அலுவலர் சம்பளம், கணக்கர் சம்பளம், வாடகை, இதிலேயே போய்விடும். நான்காம் வருடம் இந்தப் பணம் நிற்கும். தன் காலில் நிற்கும் பண்ணை என்பதற்கு நான் வைக்கும் அளவு இதுதான்: அன்றைக்கு அந்த 50,000 எங்கிருந்து வரும்?

மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 50 காசு கம்பெனி எடுத்துக்கொண்டால் டன்னுக்கு 500 ரூபாய். வருடத்துக்கு 6 லட்சம் வர 1,200 டன் கிழங்கு கம்பெனி வழியே போக வேண்டும். ஏக்கருக்கு 12 டன் என்று வைத்தால் 100 ஏக்கர். 300 பேருக்கு இது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்த 50 காசை உறுப்பினர் ஏன் கொடுக்க வேண்டும்? இங்கேதான் பாயின்ட் விஷயம் வருகிறது. நம் பக்கம் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை, மாவுச்சத்துப் பாயின்டையும் பார்க்கிறார்கள். கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை போட்டுப் பாயின்ட் சொல்வது வாங்குகிறவர். பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. மில் வாசலில் லோடு நிற்கும்போது தனி ஆள் என்ன பேரம் பேச முடியும்? கம்பெனி தானே ஒரு பாயின்ட் தராசு வாங்கி வயலிலேயே பார்த்துவிட்டால், இரண்டு பாயின்ட் வித்தியாசத்திலேயே 50 காசு நியாயமாகிவிடும். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981லேயே சேகோசர்வ் என்று தங்களுக்குள் சேர்ந்துவிட்டார்கள். கிழங்கு போடுகிறவர்கள்தான் இன்னும் ஒவ்வொருவராகப் போய் நிற்கிறார்கள்.

அப்புறம் ஆடிட்டர். கம்பெனி என்று பதிந்தபின் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். நமக்குக் கோவையில் உள்ள கம்பெனிப் பதிவாளர் அலுவலகம். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். மூன்று வருடம் தொடர்ந்து விட்டுவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. கையெழுத்துப் போடும் ஐந்து பேருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் பேரவைக் கூட்டம் பதிவான 90 நாளுக்குள் நடக்க வேண்டும், உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஏற்காட்டில் செப்டம்பரில் பதிவு கிடைத்தால் அந்தக் கெடு டிசம்பரில் முடியும். அது காப்பிப் பழம் பறிக்கும் நேரம். நூறு பேரில் 25 பேரை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதே கஷ்டம். பதிவு மனுவை மாசியில் போடுங்கள்.