உயர் ஸ்தானிகர்: சொல் விளக்கம்

ஹை கமிஷனர் என்ற பதவிப் பெயருக்கு இலங்கையில் வழங்கும் தமிழ், உயர் ஸ்தானிகர். தமிழ்நாட்டு நாளேடுகள் உயர் ஆணையர் என்றோ, சுருக்கமாகத் தூதர் என்றோ எழுதுகின்றன. காமன்வெல்த் நாடு ஒன்று இன்னொரு காமன்வெல்த் நாட்டுக்கு அனுப்பும் தலைமைத் தூதர் என்பதே பொருள். மற்ற நாடுகளில் அதே வேலையைப் பார்ப்பவர் அம்பாசிடர். தமிழில் தூதர், தூதுவர். 'உயர்' என்று இருப்பதால் தூதரைவிட இவர் ஒருபடி மேல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 14ஆம் விதிப்படி இருவரும் ஒரே வகுப்பினர்.

எஸ். ஜெய்சங்கரின் பணிவரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். செக் குடியரசில் தூதர், 2007இல் சிங்கப்பூரில் உயர் ஸ்தானிகர், 2009இல் சீனாவில் தூதர், 2013இல் அமெரிக்காவில் தூதர். சிங்கப்பூரை விட்டுப் பெய்ஜிங் போனபோது பதவிப் பெயரில் 'உயர்' போய்விட்டது. ஆனால் அது பதவி இறக்கமல்ல, சீனா காமன்வெல்த்தில் இல்லை, அவ்வளவுதான். மாலத்தீவு 2016இல் காமன்வெல்த்திலிருந்து விலகி 2020இல் திரும்பியது. மாலேயில் உள்ள இந்தியப் பிரதிநிதியின் பதவிப் பெயரும் அதற்கேற்ப மாறி மீண்டது. நேபாளத்திலும் மியான்மரிலும் இருப்பவர் தூதர். கொழும்பிலும் டாக்காவிலும் இருப்பவர் உயர் ஸ்தானிகர்.

ஏன் இந்த இரட்டைப் பெயர்? தூதரை ஓர் அரசர் இன்னோர் அரசரிடம் அனுப்புவது வழக்கம். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கெல்லாம் அரசர் ஒருவரே என்னும்போது, அவர் தமக்குத் தாமே தூதர் அனுப்ப முடியாது. ஆகவே கனடா 1880இல் லண்டனுக்கு அலெக்சாண்டர் கால்ட்டை அனுப்பியபோது ஹை கமிஷனர் என்ற பெயர் வந்தது. இந்தியா 1950இல் குடியரசான பின்னும் காமன்வெல்த்தில் நீடித்ததால் பெயரும் நீடித்தது. இன்றும் ஒரே அரசரைக் கொண்ட ஆஸ்திரேலியாவும் கனடாவும் ஒன்றுக்கொன்று அரசர் கடிதத்தோடு ஆள் அனுப்புவதில்லை. பிரதமர் பிரதமருக்கு அறிமுகக் கடிதம் தருவதே மரபு. இந்திய உயர் ஸ்தானிகர் குடியரசுத் தலைவரின் கடிதத்தைக் கொண்டுபோகிறார்.

இனி, எந்தத் தமிழ்ச் சொல் சரி? உயர் ஆணையர் என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. மாநகராட்சி ஆணையரையும் காவல் ஆணையரையும் தினம் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு அது அவர்களுக்கு மேலதிகாரி என்றே படும். ஸ்தானிகர் என்பது வடமொழி ஸ்தானம் (இடம், நிலை) வழி வந்தது. நாட்டின் இடத்தில் நிற்பவர் என்ற பொருள் பதவிக்குப் பொருந்துகிறது. கிரந்த எழுத்தை நீக்கித் தானிகர் என்று எழுதினால் கொடையைக் குறிக்கும் தானத்தோடு குழப்பம் வரும். தூதர் என்பதன் வேரும் வடமொழி 'தூத' என்பதே பொதுவான கருத்து. ஆனாலும் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற காலத்திலிருந்து தமிழில் ஊறிய சொல் அது. பொதுச் செய்திக்குத் தூதர் போதும். பதவிப் பெயரை முறைப்படி எழுத வேண்டிய இடத்தில் உயர் ஸ்தானிகர் என்பதே என் தேர்வு.

பணிப் படிநிலையைத் தமிழாக்கும்போது வரும் பிழைகள் இன்னும் மோசமானவை. தூதரகத்தில் மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சலர், மினிஸ்டர் என்று ஏறித்தான் பெரும்பாலும் தலைமைப் பதவிக்கு வருவார்கள். இதில் மினிஸ்டரை அமைச்சர் என்று பெயர்த்தால், அரசியல்வாதி ஒருவர் தூதரகத்தில் உட்கார்ந்திருப்பதாகப் பொருள்படும். கவுன்சலரும் வார்டு கவுன்சிலர் அல்லர், ஆலோசகர் என்க.

நியமனச் செய்தியிலும் கவனம் வேண்டும். முதலில் அனுப்பும் நாடு பெயரைச் சொல்லி, ஏற்கும் நாட்டின் இசைவைக் கமுக்கமாகக் கேட்கும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. இசைவு வந்த பிறகே அறிவிப்பு. புதியவர் வந்து சேர்ந்ததும் நற்சான்றுப் பத்திரத்தின் (தம் நாட்டுத் தலைவர் தந்த நியமனக் கடிதத்தின்) நகலை வெளியுறவு அமைச்சகத்தில் தருவார். மூலத்தை நாட்டுத் தலைவரிடம் கையளிப்பார், பெரும்பாலும் முன்னவரைத் திரும்ப அழைக்கும் கடிதத்தோடு சேர்த்து. இந்த இரண்டில் எதைப் பணியேற்பாகக் கொள்வது என்பது அந்தந்த நாட்டு வழக்கம். ஆகவே விமானநிலையப் படத்தைப் போட்டு 'பொறுப்பேற்றார்' என்று எழுதக் கூடாது. விருந்திலும் விழாவிலும் தூதர்களின் வரிசை பணியேற்ற நாளையும் நேரத்தையும் வைத்தே அமையும். நாட்டின் பருமனை யாரும் பார்ப்பதில்லை.

துணைத் தூதர் என்ற சொல்தான் தமிழ்நாட்டில் தீராத சிக்கல். சென்னையில் அமெரிக்காவுக்கு இருப்பது கான்சல் அலுவலகம். பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் இருப்பவை துணை உயர் ஸ்தானிகராலயங்கள். எல்லாவற்றையும் 'துணைத் தூதரகம்' என்றே எழுதுகிறோம். கான்சல்களுக்கு 1963இல் தனி வியன்னா உடன்படிக்கையே உண்டு. விசா, கடவுச்சீட்டு, சிறையிலிருக்கும் தம் நாட்டவரைப் பார்ப்பது போன்றவை அவர்கள் வேலை. கான்சல் என்றே எழுதிவிடுவது மேல்.

2008 முதல் 2014 வரை நவி பிள்ளை வகித்த ஐ.நா. மனித உரிமைப் பதவியும் ஆங்கிலத்தில் ஹை கமிஷனர்தான். அங்கே அவர் எந்த நாட்டின் இடத்திலும் நிற்பவர் அல்லர், ஐ.நா. தந்த பணியைச் செய்பவர். அந்த இடத்தில் மட்டும் ஆணையர் பொருந்தும்.