நினைவில் இல்லாத அந்த இருபது நிமிடங்கள்

"எனக்கு ஒண்ணுமே தெரியல டாக்டர். தூங்கி எழுந்த மாதிரிதான் இருந்துச்சு." சொன்னவருக்கு 22 வயது. பக்கத்து நாற்காலியில் அவருடைய அறைத்தோழர். "செத்துட்டான்னே நினைச்சேன் சார்" என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

நரம்பியல் மருத்துவராக இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. பார்த்தவருக்கு எதுவும் மறக்காது. வலிப்பு வந்தவருக்கு நாக்கில் கடிபட்ட வலியும், அடித்துப்போட்ட மாதிரி உடம்பு நோவும்தான் மிச்சம், "நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" என்று கேட்பார். பார்த்தவரோ அந்த முதல் அலறலிலிருந்தே இன்னும் மீண்டிருக்க மாட்டார். அதனால் முதல் வலிப்பைப் பற்றி எழுதினால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

முதல் வேண்டுகோள்: மருத்துவரிடம் தனியாக வராதீர்கள். பார்த்தவரை அழைத்து வாருங்கள், முடியாவிட்டால் போனிலாவது பேச வையுங்கள். ஸ்கேன் சொல்லாத பலவற்றை அவர் சொல்வார். கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தலை ஒரு பக்கமாகத் திரும்பியதா? இழுப்பு ஒரு கையில் தொடங்கிப் பரவியதா, எடுத்த எடுப்பிலேயே உடம்பு முழுவதும் வந்ததா? முகம் வெளுத்ததா, உதடு நீலமானதா? எல்லாம் நின்ற பிறகு தன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமானது? பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரிவது இயல்பு. அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம், நினைவிருப்பதைச் சொன்னால் போதும்.

இத்தனை கேள்விகள் எதற்கு என்றால், விழுந்து துடிப்பதெல்லாம் வலிப்பாக இருக்காது. வெறும் மயக்கத்திலும் கைகால் சில நொடிகள் வெட்டும். வெகுநேரம் நின்றபோதோ, ரத்தத்தைப் பார்த்தபோதோ கண் இருட்டிக்கொண்டு வந்து, வியர்த்து, முகம் வெளுத்து விழுந்து, சீக்கிரமே தெளிவாகப் பேசினால் அது மயக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாக்கின் பக்கவாட்டில் கடி, எழுந்த பிறகு நெடுநேரம் குழப்பம் என்றால் வலிப்பின் பக்கம் சாயலாம். ஓடும்போதோ விளையாடும்போதோ திடீரென விழுந்தவர், குடும்பத்தில் யாராவது சிறு வயதில் காரணம் தெரியாமல் இறந்திருப்பவர் என்றால் இதயத்தை அவசியம் பார்க்க வேண்டும். எப்படி இருந்தாலும் முதல்முறை விழுந்தவருக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

அடுத்து நான் கேட்பது: இது உண்மையிலேயே முதல்முறைதானா?

பெரும்பாலோர் "ஆமாம்" என்பார்கள். சரி என்று விட்டுவிட மாட்டேன். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கை வெடுக்கென்று இழுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷோ காபிக் கோப்பையோ பறந்ததுண்டா? பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடி எங்கோ போய்விட்டு வந்ததாக யாராவது சொன்னார்களா? வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி, பார்க்காத இடத்தை ஏற்கெனவே பார்த்த மாதிரி, திடீரென வந்து போகும் உணர்வு? காரணமில்லாமல் நாக்கில் காயத்தோடு ஒருநாள் விழித்ததுண்டா? இப்படிக் கேட்டுக்கொண்டே போகும்போது சிலர் சட்டென நிமிர்ந்து உட்காருவார்கள். "அது சும்மா ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர். எல்லாருக்கும் வரும்னு நினைச்சேன்."

அந்தக் காலை நேர வெட்டல் சிறியதாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயின் அடையாளம் அது. தூக்கம் கெட்டால், மது குடித்தால், விழித்தெழும் நேரத்தில் பெரிய வலிப்பாக வெளிப்படும். வேறு வகை வலிப்புக்கு நன்றாகக் கேட்கும் கார்பமஸெபின் போன்ற மாத்திரை இந்த வகையில் வெட்டலைக் கூட்டிவிடலாம். ஆக, பிரஷ் பறந்த கதையைச் சொல்லாமல் விட்டால் தவறான மாத்திரை எழுதப்பட வாய்ப்பிருக்கிறது.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் பார்ப்போம். இரண்டில் எது மிகவும் குறைந்தாலும் வலிப்பு வரலாம். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் அடுத்த ஓரிரு நாளில் வரலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்குத் தூண்டிவிடும். ஆகவே எடுத்தது, குடித்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டார் முன்னால் சொல்லத் தயக்கம் என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மூளையில் தழும்போ கட்டியோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. நார்மல் என்றதும் "அப்போ ஒண்ணும் இல்லையே?" என்று வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லாமல்தான் சொல்வேன்: அந்த அரைமணி நேரம் மூளை அமைதியாக இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தேவைப்பட்டால் தூக்கத்தைக் குறைத்துவிட்டு வரச் சொல்லி மறுபடி எடுப்போம்.

சரி, இது காக்காய் வலிப்பா? இந்தச் சொல்லை வீட்டார் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். கால்-கை வலிப்பு என்பது பேச்சில் மருவி வந்த சொல் அது, அதில் குரலைத் தாழ்த்த எதுவுமில்லை. உலகில் 10 பேரில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது வலிப்பைச் சந்திக்கிறார்கள். அதில் பெரும்பாலோருக்கு வலிப்பு நோய் கிடையாது. சர்க்கரைக் குறைவு, மதுவை நிறுத்தியது போன்ற உடனடித் தூண்டுதல் ஏதுமில்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய் என்கிறோம். ஒரே முறை வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்கும் என்று எம்.ஆர்.ஐ.யோ இ.இ.ஜி.யோ காட்டினால் அப்போதும் அதே பெயர்தான்.

மீண்டும் வருமா? தூண்டுதலில்லாத முதல் வலிப்பு வந்த பெரியவர்களில், அடுத்த 2 ஆண்டுக்குள் மீண்டும் வரும் வாய்ப்பு 21 முதல் 45 சதவீதம். உடனே மாத்திரை தொடங்கினால் இந்த 2 ஆண்டு அபாயம் நன்றாகக் குறையும். ஆனால் பல ஆண்டு கழித்துப் பார்த்தால், முதல் வலிப்பிலேயே தொடங்கியவருக்கும் காத்திருந்து தொடங்கியவருக்கும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இதில் உங்கள் வாழ்க்கையும் கணக்கில் வர வேண்டும். உயரத்தில் ஏறி வேலை செய்பவருக்கும், வீட்டில் குடும்பத்தோடு இருந்து படிப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. பெண்கள் கர்ப்பம், கருத்தடை மாத்திரை பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிடுவது நல்லது. வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையைப் பலனற்றதாக்கிவிடும். தொடங்கிய மாத்திரையை மட்டும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் வருவதுதான் கடினமான காலம். முதல் சில வாரங்கள் இரவில் படுத்தால் உடம்பு தூக்கிப்போடும், "வந்துடுச்சா?" என்று விழித்துக்கொள்வார்கள். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் அப்படி ஒருமுறை வெட்டுவது எல்லோருக்கும் உண்டு, அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் அந்த அச்சத்திலேயே இரவெல்லாம் விழித்திருந்தால், சிலருக்கு அந்தத் தூக்கமின்மையே வலிப்பை அழைத்துவிடும். மனப் பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்குரியதுதான்.

வண்டி ஓட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்த வேண்டும். எத்தனை மாதம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். இளைஞர்களிடம் நான் அதிகம் சண்டை போடுவது இந்த ஒன்றுக்காகத்தான், ஏனென்றால் எதிரே வருகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது. தனியாக நீந்த வேண்டாம், குளியலறையில் தாழ்ப்பாள் போட வேண்டாம், தொட்டிக் குளியலுக்குப் பதிலாக நின்று குளியுங்கள். உடற்பயிற்சி, படிப்பு, காதல், பயணம் எதற்கும் தடையில்லை. வீட்டாருக்கு ஒரு வார்த்தை: அவர் அறைக் கதவை அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதை விட, வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று கற்றுக்கொள்வது அவரை நன்றாகக் காக்கும்.

அன்று அந்த அறைத்தோழருக்கும் அதைத்தான் கற்றுக்கொடுத்தேன். நண்பரைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒருக்களித்துத் திருப்பச் சொன்னேன். மணி பாருங்கள். தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். இழுப்பைப் பிடித்து அடக்காதீர்கள். தொடக்கத்தில் மூச்சு நின்று உதடு நீலமாகலாம், பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். இழுப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்தது வந்தாலோ, நீரில் விழுந்திருந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். நாக்கை யாராலும் விழுங்க முடியாது, ஆகவே வாயில் எதையும் வைக்க வேண்டாம்.

"அப்போ அன்னைக்கு நான் ஸ்பூன் வெச்சது தப்பா சார்?"

நண்பரின் முன்பல்லில் ஒரு முனை உடைந்திருந்தது. அதை மறைத்துப் பேச முடியாது. "ஆமாம், வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஓடிப்போகாமல் பக்கத்திலேயே இருந்தீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீர்கள், இன்று வந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவர், உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாக நண்பர் பக்கம் திரும்பினார். "என்னதான்டா நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லு."