பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

ஜனவரி பிறந்தால் தலைமையாசிரியர் அறைக்கு வரும் முதல் கோரிக்கை இதுதான்: "போர்ஷன் முடியலை மேடம். டென்த் பி-யோட பி.டி. பீரியடை நான் எடுத்துக்கட்டுமா?" கேட்பவர் நல்ல ஆசிரியர். ரிசல்ட் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஒருமுறை தலையாட்டினால் போதும்; அடுத்து டிராயிங், அதற்கடுத்து லைப்ரரி. மார்ச்சில் அவையெல்லாம் டைம் டேபிளில் மட்டுமே இருக்கும்.

2009 கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆளைப் போட்டுவிட்டு அவர் பீரியடைப் பிடுங்கினால் எப்படி?

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தப் போட்டியானாலும் வகுப்பாசிரியர் தரும் பட்டியலைப் பாருங்கள்: பேச்சு, ஓவியம், பாட்டு, எல்லாவற்றுக்கும் அதே நாலு பேர். நல்ல மார்க், மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. வடசென்னையில் எங்கள் பள்ளியில் இப்போது பி.இ.டி. சார், லேப் அசிஸ்டென்ட், சத்துணவு ஆயா மூவரிடமும் பெயர் கேட்கிறோம். ஆயா சொன்ன பையன், பெஞ்சில் தாளம் போட்டான் என்று என்னிடம் புகாராக வந்தவன். "சாப்பாட்டுத் தட்டுலயே கானாவுக்கு அடிப்பான் டீச்சரம்மா, ஒருவாட்டி கேளுங்க." கேட்டேன். விளிம்பில் விரல் நுனியால் ஒரு ஓசை, நடுவில் உள்ளங்கையால் வேறொன்று. பாடுபவன் தடுமாறினாலும் இவன் தாளம் பிசகவில்லை. இந்தக் காது எந்த ஸ்லிப் டெஸ்டில் தெரியும்?

கேரம் ஆடினால் உருப்படமாட்டாய் என்று திட்டும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. இதே வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமாதான் 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் நம் அறிவுரையைவிட நன்றாக எடுபடுகிறது.

பீரியட் கேட்பவரிடம் வெறுமனே முடியாது என்றால் ஸ்டாஃப் ரூமில் மனக்கசப்புதான் வளரும். அதனால் ஒரு விதி வைத்தோம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் எடுக்கலாம். அதே வாரத்துக்குள் தன் பீரியடில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும், பதிவேட்டில் பி.இ.டி. சாரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். கணக்கு மிஸ் இப்போதெல்லாம் போர்ஷனை டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்.