குழாயை இரண்டு அங்குலம் நகர்த்தினால் காற்றின் வேகம் ஏன் மாறுகிறது?

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுக் கழிவை உறிஞ்சும் டக்ட், அதாவது காற்று போகும் தகரக் குழாய், 600 மி.மீ. விட்டம். வளைவுக்குப் பக்கத்தில் தகரத்தில் துளை போட்டு, காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயை விட்டால் வினாடிக்கு 12 மீட்டர் காட்டுகிறது, இரண்டு அங்குலம் நகர்த்தினால் 8. எது சரி? இரண்டுமே சரி, அதுதான் தலைவலி.

ஆற்றில் கரையோரம் தண்ணீர் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடுகிறதே, டக்ட்டுக்குள் காற்றும் அப்படித்தான். வளைவு வந்துவிட்டால் வெளிப்பக்கச் சுவரை ஒட்டிப் பாயும், உட்பக்கம் சுழன்று சில சமயம் பின்னோக்கிக்கூட வரும். ஆற்றைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1732-இல் ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸில் சேன் ஆற்று நீரோட்டத்துக்கு எதிராக வளைந்த குழாயைப் பிடித்து, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துத்தான் வேகத்தைக் கணக்கிட்டார்.

இன்றைய பிட்டோ குழாயில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். மூக்கு நுனித் துளையில் காற்று நேராக வந்து மோதும், பக்கவாட்டுச் சிறு துளைகள் அந்த மோதல் இல்லாத, டக்ட்டின் நிலை அழுத்தத்தை மட்டும் வாங்கும். இந்த இரண்டு அழுத்தங்களின் வித்தியாசத்தை இரட்டித்து, காற்றின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம். சாதாரணக் காற்று 10 மீட்டர் வேகத்தில் வந்தால் வித்தியாசம் 60 பாஸ்கல், அதாவது அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மேனோமீட்டரில் ஆறு மில்லிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான்! வேகம் 2 மீட்டராக இறங்கினால் வெறும் 2.4 பாஸ்கல். அந்த வேகத்துக்கு இதை நம்பாதீர்கள், சூடான கம்பியை வைத்து அளக்கும் அனிமோமீட்டரே மேல்.

சரி, எங்கே அளப்பது? வளைவு தாண்டி விட்டத்தைப்போல் ஏழெட்டு மடங்கு நேரான டக்ட் வேண்டும் என்பார்கள். நம் டக்ட்டுக்கு அது சுமார் நாலரை மீட்டர். எந்தத் தொழிற்சாலையில் அவ்வளவு நேரான இடம் கிடைக்கிறது? கிடைக்காதபோது அளக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. ஒரு விட்டத்தில் ஆறு புள்ளி என்றால் சுவரிலிருந்து 19, 81, 193, 407, 519, 581 மி.மீ. ஆழங்களைக் குழாயிலேயே டேப் சுற்றிக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அப்புறம் டக்ட்டின் சுற்றளவில் 60 டிகிரி தள்ளி இன்னொரு துளை, அதற்கும் அப்பால் 60 டிகிரியில் மூன்றாவது.

பலர் சறுக்குவது சராசரியில்தான். ஒரு புள்ளியில் 100 பாஸ்கல், இன்னொன்றில் 4 என்றால், அழுத்தங்களைச் சராசரி எடுத்து வேகம் கண்டால் 9.3 மீட்டர் வரும். தனித்தனியாக வேகம் கண்டு சராசரி எடுத்தால் 7.7. இரண்டாவதுதான் சரி.

அடர்த்தியும் ஏமாற்றும். 150 டிகிரி சூட்டில் காற்று இலேசாகிவிடுவதால், அதே 60 பாஸ்கலுக்கு வேகம் 10 அல்ல, 12.

மில்லில் இன்னொரு தொல்லை, பஞ்சுத் தூசி நுனித் துளையை அடைத்துக்கொள்ளும். அளவு திடீரென்று இறங்கினால் ஃபேனைத் திட்டுவதற்கு முன் குழாயை வெளியே எடுத்து மூக்கைப் பாருங்கள்.