ஹராஜ்: ஒரு படத்தலைப்புக்கான தமிழ்

ஹராஜ் – பெயர்ச்சொல். அரபியிலிருந்து பாரசீகத்துக்கு வந்தது. 1. ஏலம். 2. சரக்கைத் தள்ளிவிடும் மலிவு விற்பனை.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஈரானியக் கவிஞர் கிரானாஸ் மூசவி 2009-இல் இயக்கிய படத்தின் பாரசீகப் பெயர் 'தெஹ்ரானே மன், ஹராஜ்'. 'தெஹ்ரானே மன்' என்றால் 'என் தெஹ்ரான்'. 'மை தெஹ்ரான் ஃபார் சேல்' என்ற ஆங்கிலத் தலைப்பைப் பின்பற்றினால் தமிழில் 'என் தெஹ்ரான் விற்பனைக்கு' என்று வரும். எனக்கு அது போதவில்லை.

ஹராஜ் கூவி விற்பவரின் சொல். தெஹ்ரான் நடைபாதைகளில் துணி விற்பவர்கள் "போதோ, ஹராஜே!" என்று கத்துவார்கள், ஓடி வா, மலிவு என்று பொருள். கூடவே இன்னொரு கூவலும் வரும்: "ஆத்தீஷ் ஸதம் பே மாலம்!" என் சரக்குக்கு நானே தீ வைத்துவிட்டேன் என்பது அதன் நேர்ப்பொருள். நம்மூரில் இதை அடிமாட்டு விலை என்போம். இதே சொல்தான் மேட்டுக்குடிக்கும்: 2012-இல் தொடங்கிய ஓவிய ஏலத்துக்குப் பெயர் 'ஹராஜே தெஹ்ரான்'.

நம் பக்கத்துக்கும் இந்தச் சொல் வந்திருக்கிறது. கன்னடத்தில் ஹராஜு, தெலுங்கில் ஹர்ராஜு, இரண்டும் ஏலமே. ரியாத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பழைய சாமான் சந்தையாக 'ஹராஜ்' பழக்கம்.

படத்தில் மர்ஸியே ஒரு நாடக நடிகை. அவளுடைய மேடைக்கு அனுமதி இல்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ள ஓர் ஈரானியனைச் சந்திக்கிறாள். வெளியேற வழி கிடைத்துவிட்டதாக நம்புகிறாள். அந்த வேடத்தில் முக்காடின்றி, மொட்டைத் தலையுடன் நடித்த மர்ஸியே வஃபாமெஹர் 2011-இல் கைதானார். ஓராண்டுச் சிறையும் 90 கசையடியும் தீர்ப்பாயின. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து அக்டோபரில் விடுதலையானார்.

இப்போது தலைப்புக்கு வருவோம். அதில் வினைச்சொல்லே இல்லை. விற்பது யார்? நாட்டை விட்டுப் போகிறவள் தன் நகரத்தைத் தானே தள்ளிவிடுகிறாளா, அவள் கண்ணெதிரில் வேறு யாரோ அதை விற்கிறார்களா? 'விற்பனைக்கு' என்றால் உடைமைக்காரர் மனமொப்பி விற்பதாகிவிடும். 'ஏலம்' அப்படியல்ல. அடகு வைத்த தாலிக்கொடி மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போகிறது. ஜப்தி செய்த வீடு ஏலத்துக்குப் போகிறது. உடைமைக்காரர் விரும்பியும் ஏலம் விடலாம், விரும்பாமலும் ஏலம் போகலாம். மூசவியின் படம் நிற்கும் இடம் அதுதான். 'அனுமதியில்லாப் பெண்ணின் பாடல்கள்' என்று தன் கவிதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தவர் அவர். தன்னுடையதென்று சொல்லவும் ஒரு பெண் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வியல்ல.

ஏலமும் தமிழ்ச்சொல் அல்லவே என்பார்கள். உண்மைதான், போர்த்துக்கீசிய 'லெய்லாவ்' திரிந்து வந்தது. தனித்தமிழ் வேண்டுமானால் 'பகர்தல்' இருக்கிறது. சொல்லுதல், விற்றல் என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. "பகர்வனர் திரிதரு நகர வீதியும்" என்கிறது சிலம்பு. கூவி விற்பதற்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று அதைத் தலைப்பில் வைத்தால் 'சொல்லுதல்' மட்டுமே கேட்கும், சந்தை கேட்காது.

ஆகவே என் தேர்வு 'என் தெஹ்ரான், ஏலம்'. கால்புள்ளியை எடுத்துவிட்டு 'ஏலத்தில்', 'ஏலத்துக்கு' என்று உருபு சேர்க்க வேண்டாம். பாரசீகத்திலும் வேற்றுமை காட்ட அங்கே எதுவும் இல்லை.