பழைய லேப்டாப்: செலவு செய்யலாமா, மாற்றிவிடலாமா?

"ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசு வாங்கிரலாமா?" சர்வீஸுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வயதை விடுங்கள், கோளாறு எந்தப் பாகத்தில் என்று பாருங்கள்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஆன் செய்து பத்து நிமிடம் கழிந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். டேட்டாவைக் காப்பி எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டலாம். வீட்டு உபயோகத்துக்கு 256 ஜிபி போதும். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். டிடிஆர்3 வகை ரேமுக்கான ஸ்லாட்டில் டிடிஆர்4 வகை உட்காராது. பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், கூட்ட வழியில்லை.

சார்ஜ் நிற்கவில்லையா? கமாண்ட் பிராம்ப்டில் 'powercfg /batteryreport' என்று டைப் செய்து என்டர் கொடுங்கள். அந்த ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்த அளவு) 40,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் அளவு) 16,000 என்று வந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. டச்பேட் மேலெழும்பி கிளிக் ஆகாமல் போனால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள்.

ஹிஞ்ச் (திரையை மடக்கும் கீல்) இறுகினால் உடனே காட்டுங்கள். வம்படியாகத் திறந்தால் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைத் திருகுமறை பிடுங்கிக்கொண்டு வரும், டிஸ்ப்ளே கேபிளும் அறுந்துபோகும்.

மதர்போர்டு வேலைதான் யோசிக்க வேண்டியது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்படி ஆற்றுத் தண்ணீரில் மூழ்கியதை வெயிலில் காயவைத்து ஆன் செய்துவிடக் கூடாது. வண்டல் சிப்புக்கு அடியில் தங்கி, ஈரம் படும்போதெல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடும் போர்டு சில மாதத்தில் மறுபடி படுக்கும். டேட்டாவை மீட்டுக்கொண்டு அதை விட்டுவிடுவதே நல்லது. உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றும் போர்ட்டுகளில் பச்சைப் பூத்து இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

எங்கள் கணக்கு இது: அதே மாடல் செகண்ட் ஹேண்டில் போகும் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேருக்குக் கேட்டால் வேண்டாம்.

இன்னொன்று, பிராசஸர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை வேண்டும்: ஐ5-8250யு தேறும், ஐ5-7200யு தேறாது. 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த ஆரம்பகால அரசு லேப்டாப்புகளும் தேறாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ். போட்டால் டைப்பிங், யூடியூபுக்கு ஓடும், அதற்குமேல் செலவழிக்காதீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கும்.