பேசுவதற்கு முன் கேட்கப் பழகுங்கள்: ஸ்பானிஷ் சப்போர்ட் வேலைக்குத் தயாராகும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

குன்னூரில் கஸ்டமர் சப்போர்ட் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோத்தகிரி, அரவேணு, கூடலூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலர் இப்போது ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்கிறார்கள். மலையை விட்டு இறங்காமல் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை என்பதால் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் அவர்கள் எழுதிவைத்திருக்கும் வாக்கியங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வணக்கம், என் பெயர் இது, எப்படி உதவட்டும் என எல்லாமே நாம் பேசுவதற்கானவை. அவற்றைத் தங்குதடையின்றிச் சொன்னால், இவருக்கு மொழி நன்றாகத் தெரியும் என்று நம்பி எதிர்முனையில் இருப்பவர் தன் வேகத்தில் கொட்டித் தீர்ப்பார். அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள்?

அதனால் முதலில் மனப்பாடமாக வேண்டியவை நிறுத்திக் கேட்கும் வாக்கியங்கள். ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்’ என்றால் இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள். ‘மே லோ புவேதே ரெபெதீர்?’ என்றால் திரும்பச் சொல்ல முடியுமா. ‘கே அபரேசே என் லா பந்தாயா?’ என்றால் திரையில் என்ன தெரிகிறது. இந்த மூன்றாவது கேள்வி தங்கம். வாடிக்கையாளர் ‘சீ, சீ’ என்பது பல நேரம் நாம் ‘ம்’ கொட்டுவது போலத்தான்; சொன்னதைச் செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை. மோடத்தை அணைத்தீர்களா என்று கேட்காதீர்கள். ‘கே லூசெஸ் எஸ்தான் என்சென்தீதாஸ்?’, எந்த விளக்குகள் எரிகின்றன என்று கேளுங்கள். அதற்கு வெறும் ‘சீ’ பதிலாகாது.

அதிகம் தவறுவது எண்ணிலும் எழுத்திலும்தான். அறுபது செசெந்தா, எழுபது செதெந்தா. இரைச்சலான லைனில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஸ்பானிஷ்காரர்கள் போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. நீங்கள் திருப்பிச் சொல்லும்போது ‘செய்ஸ், செரோ’ அல்லது ‘சியேதே, செரோ’ என்று ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துவிடுங்கள். பி, வி இரண்டு எழுத்துக்கும் அந்த மொழியில் ஒரே ஒலி. அதனால் அவர்களே ‘பே தெ புர்ரோ’, ‘பே தெ பாகா’ என்று கழுதையையும் பசுவையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும்போது ‘அர்ரோபா’ என்றால் அட், ‘புந்தோ’ என்றால் புள்ளி, ‘கியோன் பாஹோ’ என்றால் அடிக்கோடு.

மரியாதை விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாயிற்று. உஸ்தேத் நம் ‘நீங்கள்’, தூ நம் ‘நீ’. ‘அபாகே’ என்றால் அணையுங்கள், ‘அபாகா’ என்றால் அணை. இலவச ஆப்களில் தூ வடிவமே பெரும்பாலும் முதலில் வருகிறது; அதே பழக்கத்தில் போனில் பேசிவிடாதீர்கள். ஸ்பெயினில் சில நிறுவனங்கள் தூ என்றே பேசச் சொல்லும். அப்படிச் சொல்லாதவரை உஸ்தேத்தான்.

உச்சரிப்புக்கும் பயப்பட வேண்டாம். ‘கிளியேந்தே’ என்பதில் வருவது நம் த. ஆங்கிலம் பழகிய நாக்கு அதை ட ஆக்கிவிடும். பாஸ்வேர்டுக்கான ‘கோந்த்ராசேஞா’வில் நம் ஞ அப்படியே இருக்கிறது. ‘ர்ர்’ உருட்டுவதற்குப் பயிற்சி வேண்டும். இந்த மலையிலேயே பேசப்படும் தோடர் மொழியில் நாக்கு அதிரும் இடத்தால் வேறுபடும் மூன்று ரகர ஒலிகள் உண்டு என்பதை வகுப்பில் மகிழ்ச்சியோடு சொல்வேன்.

சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். கம்ப்யூட்டர் ஸ்பெயினில் ஒர்தெனதோர், மெக்ஸிகோவில் கொம்புததோரா. செல்போன் ஸ்பெயினில் மோவில், மெக்ஸிகோவில் செலுலார். வணக்கமும் வாடிக்கையாளரின் கடிகாரத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். மெக்ஸிகோ நகரில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 8.30, ‘புவேனோஸ் தியாஸ்’ என்றே தொடங்குங்கள். மாட்ரிட்டில் காலை 9 என்றால் இங்கே குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 12.30.

இரண்டு எச்சரிக்கைகள். வாடிக்கையாளர் தானாகவே பாஸ்வேர்டைச் சொல்லத் தொடங்கினால், ‘நோ மே திகா சு கோந்த்ராசேஞா’, எனக்குச் சொல்லாதீர்கள் என்று உடனே தடுங்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதாக மிரட்டி கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்லும் வரிகளை உங்களிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் அது சப்போர்ட் வேலையே அல்ல, மோசடி. எவ்வளவு சம்பளம் தந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

பில் தகராறு, கணக்கை மூடுவது போன்றவை மனப்பாட வாக்கியங்களுக்குள் அடங்காது. ‘லே பாசோ கோன் உன் கொம்பஞேரோ’, என் சக ஊழியரிடம் இணைக்கிறேன் என்று சொல்லி, மொழி முழுதாகத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் வைத்திருந்தாலும், அழைப்பின் தொடக்கத்திலேயே ‘சி செ கோர்தா லா யாமாதா, லே புவெல்வோ அ யாமார்’, லைன் துண்டானால் நானே திரும்ப அழைக்கிறேன் என்று சொல்லி, எந்த எண்ணில் அழைக்கலாம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.